அரைக் கிண்ணம் தேநீர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து லிங்கேஸ்வரன் இருபத்திரண்டு வருஷம் ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டர். நூற்கிற மெஷின் போடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் நாற்பத்தாறாவது வயதில் அவரை உஸ்பெகிஸ்தானுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு புது மில்லில் மெஷின்களைப் பூட்டி ஓடவிடும் வேலை.

குளிருக்கும் ஆட்டுக்கறிக்கும் மனதைத் தயார்செய்துகொண்டுதான் போனார். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தபோது, அது அங்கே ரொட்டிக்கு அவமரியாதை என்று பக்கத்திலிருந்தவர் பதறித் திருப்பி வைத்ததைக்கூடச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது தேநீர்தான்.

இடைவேளையில் ருஸ்தம் என்ற மேஸ்திரி எல்லோருக்கும் பச்சைத் தேநீர் ஊற்றுவார். மற்றவர்களுக்குக் கிண்ணத்தில் முக்கால்வாசி. லிங்கேஸ்வரனுக்கு மட்டும் அரைக்கும் கீழே. சின்ன வயதில் அப்பாவோடு களை வெட்டப் போன சோழபுரத்துத் தோட்டத்தில் இவர்களுக்கு மட்டும் தம்ளரின் அடியில் கொஞ்சமாகக் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். அது ஞாபகம் வந்தது.

"ஏட்டி, இங்கயும் நம்மள மனுசனா மதிக்கல," என்றார் மனைவி முத்துப்பேச்சியிடம், போனில்.

"என்னன்னு கேட்டுத்தான் பாருங்களேன்."

"டீ காணல, இன்னும் ஊத்துன்னு போய்க் கேக்கவா? வெக்கமா இருக்காதா?"

பொங்கலன்று ருஸ்தத்தையும் இன்னும் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். நம் ஊர் எப்படிக் கொடுக்கும் என்று அவர்கள் பார்க்கட்டும் என்பது எண்ணம். சர்க்கரைப் பொங்கல் வைத்து, பால் தேநீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரமாகக் குடித்து, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போயே போய்விட்டார்கள். பொங்கல் அப்படியே இருந்தது.

அதன்பின் நான்கு நாள் அவர் தனியாகவே சாப்பிட்டார். ஐந்தாம் நாள், மூன்று வருஷமாக அங்கிருந்த தேவதானத்து எஞ்சினியர் சூர்யபிரகாஷ் விசாரித்தான். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அண்ணே, இங்க நெறைய ஊத்துனா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். கொறச்சு ஊத்துனா, செத்த நேரம் இருங்க, திரும்பத் திரும்ப ஊத்தித் தாரேன்னு அர்த்தம். உங்களுக்குத்தானே இருக்கதுலயே கம்மியா ஊத்துதாரு? அம்புட்டு மரியாதைண்ணே."

"அப்ப, நல்ல நாளும் அதுவுமா வந்தவியள நான் வெரட்டியா விட்டேன்?"

"ஆமாண்ணே."

மறுநாள் இடைவேளையில் லிங்கேஸ்வரன் கெட்டிலைத் தானே எடுத்தார். ருஸ்தத்தின் கிண்ணத்தில் அடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி நீட்டினார். ருஸ்தம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். அன்று ஏழு தடவை நீட்டினார்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் மூன்றானது. ஊர் திரும்பிய அடுத்த ஆவணியில் மகள் சிவரஞ்சனிக்குக் கல்யாணம். ருஸ்தம் விமானமேறி வந்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டவர், தன் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்பதைக் கண்டு சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார். அவள் அடுத்த பந்திக்கு இடம் பிடித்து நின்றவள். கூச்சத்தில் விலகினாள்.

"அவிய அப்படித்தான் நிப்பாவ. நீங்க சாப்பிடுங்க," என்று தமிழிலேயே சொல்லித் தோளை அழுத்தி உட்காரவைத்தார் லிங்கேஸ்வரன். ருஸ்தம் உட்கார்ந்தார். ஆனால் நிற்கிற அவளுக்காக, பாயசம் வருவதற்குள் அவசரமாகச் சாப்பிட்டு இலையை மூடி எழுந்துவிட்டார்.