புளி போட்டுத் தேய்த்த கிராமபோன்

1. அவசரத் தீர்ப்பு

பத்து இருபதுக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். பத்து இருபத்தைந்துக்கு ஒரு குடும்பச் சண்டையைக் கிளப்பிவிட்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு என்று டைரியில் குறித்திருக்கிறேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன் நான். கண்டெம் செய்த, அதாவது உபயோகமில்லை என்று ஒதுக்கிய சாமான்களுக்கு, ஏலத்துக்கு முன் அடிப்படை விலை வைப்பது என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு, சாவி கொடுத்தால் ஓடும் பழைய கிராமபோன்களுக்கு மதிப்புப் போட ஆரம்பித்தேன்.

அன்று அழைத்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். அப்பாவின் கிராமபோனைத் தம்பி முரளி வைத்துக்கொள்வது, பாதி விலையை அண்ணன் வெங்கட்டுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. மற்ற சொத்துகளைப் பிரித்ததிலேயே மனத்தாங்கல். மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

"பொதுவா ஒரு விலை சொல்லிடுங்கோ சார். இதுலயாவது சண்டை வேண்டாம்" என்று வெங்கட் போனிலேயே சொல்லியிருந்தார்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் முரளியின் குவார்ட்டர்ஸ். மேஜை மேல் கிராமபோன். ஹார்ன் குத்துவிளக்குப் போல மின்னியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டெல்லியில் டூரிஸ்டுகளின் தலையில் கட்டும் போலிகளுக்குத்தான் இப்படிப் பளபளக்கும் பித்தளை ஹார்ன் இருக்கும்.

"இது புதுசு சார். போலி" என்றேன்.

வெங்கட் எழுந்துவிட்டார். "அப்பாவோடத எங்கடா வித்தே? பழைய சாமான் வாங்கற கபாடிகிட்டயா?"

"அண்ணா! வாய்க்கு வந்ததப் பேசாதே. பத்து வருஷமா இதே மேஜைலதான் இருக்கு."

"அப்போ சார் என்ன, கண் தெரியாதவரா?"

முரளியின் மனைவி ராதா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "சண்டை போடாதேங்கோ! கன்னங்கரேல்னு அழுக்கா இருந்தது. வெளி மனுஷா வராளேன்னு நான்தான் நேத்திக்குப் புளி போட்டு அழுத்தித் தேய்ச்சேன்!"

2. திருப்புளி

பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது.

டர்ன்டேபிளைத் தூக்கி, மேல்பலகையைக் கழற்றினேன். ஸ்பிரிங் மேல் பழைய கிரீஸ் தார் போல அப்பிக் கிடந்தது. மோட்டார் திருகுகளைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. வேறு துளைகள் எதுவும் இல்லை. போலிகளில் மூன்று மெஷின்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டிருப்பார்கள், பெட்டி நிறையப் பழைய துளைகள் இருக்கும். கடைசியாக ஹார்னின் கழுத்துக்குள் டார்ச் அடித்தேன். ராதாவின் விரல் எட்டாத இடத்தில் கம்பெனியில் பூசிய பழைய பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

"அசல்தான். நான் சொன்னது தப்பு. மன்னிக்கணும்."

பலகையைத் திரும்ப மாட்டி, சாவி கொடுத்து ஒரு இசைத்தட்டை வைத்தேன். கடைசி வரை வேகம் குறையாமல் பாடியது.

"என்ன விலை சார்?" என்றார் முரளி.

"நேத்திக்கு வந்திருந்தா முப்பதாயிரம். பெயின்ட் போயிட்டதால இன்னிக்கு இருபத்திரண்டு."

ராதா தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டாயிரத்தையா தேய்ச்சேன்!"

"அண்ணா, நீ முப்பதுக்கே கணக்குப் பண்ணு. நஷ்டம் என் வீட்டுல ஆனது" என்றார் முரளி.

வெங்கட் சிரித்துவிட்டார். "போடா. எனக்குப் பதினொண்ணு போதும். என் பங்குல குறையற நாலாயிரம் ராதாவுக்குத் தேய்ப்புக் கூலி. ஆனா ராதா, எங்காத்துப் பக்கம் பாத்திரம் எதையும் தொட்டுடாதே!"

அவர் திட்டியதற்குத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; தம்பியும் எதிர்பார்க்கவில்லை. மூவரும் இன்னொரு தட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கிளம்பினேன். மணி பன்னிரண்டு பத்து.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. பளபளப்பைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். கை எட்டாத இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, போனில் நேரம் குறிக்கும்போதே, "நான் வரும்வரை யாரும் சுத்தம் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நம்மவர்கள் வீடு என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள்.