தபாலக்கா கேட்ட லீவு

அவளை எல்லோரும் தபாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலை என்னவோ தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டி, பொத்தான் சரிபார்ப்பது. ஆனால் மேசை கிடந்த இடம் அப்படி. ஒரு பக்கம் முதலாளியின் கண்ணாடி அறை, மறுபக்கம் மாஸ்டர் துணி வெட்டும் நீளப் பலகை. நடுவில் பதினைந்து அடி இருக்கும். அந்தத் தரையை ஆறு வருஷமாக அவள்தான் நடந்து தேய்த்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, துணி வாங்க வந்தவர்கள் முன்னால் முதலாளி மாஸ்டரைப் பார்த்து, “கத்தரி பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டார். இருபது வருஷம் கத்தரி பிடித்த மனுஷர். “தெரிஞ்ச ஆளாப் பார்த்து வெச்சுக்குங்க” என்று அவரும் வெடுக்கென்று சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது. அவரும் வேலையை விட்டுப் போகவில்லை, போகச் சொல்ல இவருக்கும் மனசில்லை. இரண்டு பேருக்கும் வாயாக அவள் ஆனாள்.

“அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியுதான்னு கேளு” என்பார் முதலாளி. அவள் பலகைக்குப் போய், “கோடு கொஞ்சம் விலகியிருக்காம், பார்த்துக்கச் சொன்னார்” என்பாள். “அவரே வந்து வெட்டட்டும்” என்பார் மாஸ்டர். கண்ணாடி அறைக்குள் அது “சரி பண்ணிடறாராம்” என்று நுழையும். பேச்சிலிருந்த முள்ளையெல்லாம் எடுத்து எடுத்து அவள் நாக்கே மரத்துப்போனது. வீட்டில் கணவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

இப்போது மகளுக்கு முதல் பிரசவம். நாள் நெருங்கிவிட்டது. மாமியார் இல்லாத வீடு, துணைக்கு ஆளில்லை. விடுப்புக் கேட்டு மூன்று முறை முதலாளி முன்னால் நின்றாள்.

“தாராளமாப் போ. ஆனா நீ போயிட்டா மாஸ்டர்கிட்ட யாரு பேசுறது? இந்தப் பள்ளிக்கூட ஆர்டர் முடியட்டும்.”

மாஸ்டரிடம் புலம்பினாள். “போகத்தாம்மா வேணும். ஆனா அந்த ஆளுகிட்ட எனக்காக யாரு பேசுவா?” என்றார் அவர்.

இருவரும் நல்லவர்கள். அதுதான் அவளுக்கு எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

வியாழக்கிழமை காலையில் மருமகன் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததும், முதலாளி கையில் துணியோடு வெளியே வந்தார்.

“அகலம் கம்மியா வந்திருக்கு. முந்நூறு சட்டை வருமான்னு மாஸ்டர்கிட்ட கேளு.”

மாஸ்டர் நாலடி தள்ளித்தான் நின்றார். அவருக்குக் காதும் நன்றாகவே கேட்கும்.

“அளவுப் பட்டியல் குடுத்தாத்தானே சொல்ல முடியும்னு சொல்லும்மா.”

“பட்டியல் திங்கக்கிழமையே குடுத்தாச்சுன்னு சொல்லு.”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“சொல்லேன்” என்றார் முதலாளி.

“சொல்லும்மா” என்றார் மாஸ்டர்.

“எம் பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு. நான் பஸ்ஸைப் பிடிக்கணும். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பார்த்துப் பேசிக்குங்க. முடியலன்னா அந்தத் துணிகிட்டப் பேசுங்க!”

முதலாளிதான் முதலில் வெடித்தார், அதுவும் மாஸ்டரைப் பார்த்தே. “எல்லாம் உங்களால. அன்னிக்குப் பேசினதுக்கு வருத்தப்பட்டீங்கள்ல? அதை நேர்ல வந்து சொன்னா தலையிலேருந்து கிரீடமா இறங்கிடும்?”

“நான் எங்க வருத்தப்பட்டேன்? நீங்கதான் தப்பாப் பேசிட்டேன்னு சொல்லியனுப்பினீங்க. நேர்ல வருவீங்க வருவீங்கன்னு ஆறு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“நானா? யாரு சொன்னா?”

இரண்டு தலைகளும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. சண்டை நடந்த மறு வாரமே இருவரிடமும் அந்தப் பொய்யைச் சொன்னவள் அவள்தான். சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தாள். மற்றவர் வந்து நிற்கட்டும் என்று ஆளுக்கொரு மூலையில் காத்துக் கிடப்பார்கள் என்று யார் கண்டது? வெட்கம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

“ஆமா, நான்தான் சொன்னேன். உங்க மனசுல வருத்தம் இருந்துச்சா இல்லையா? இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

மாஸ்டர் கையிலிருந்த சாக்குக்கட்டியை உருட்டினார். முதலாளி துணியின் ஓரத்தை நீவினார்.

“எத்தனை நாள் லீவு வேணுமாம்?” என்று கேட்டார் முதலாளி. அவள் எதிரிலேயே நிற்க, பழக்கதோஷத்தில் மாஸ்டரிடம் கேட்டார்.

“முதல் பிரசவம்ல? பத்து நாளாவது வேணுங்க.”

“பத்து நாளா? ஆர்டர் என்ன ஆகுறது?”

“முதல்ல அந்தப் பட்டியலைக் காட்டுங்க. மாத்திப் போட்டு வெட்டினா வரும்னு தோணுது.”

“தோணுதுன்னா என்ன அர்த்தம்? வருமா, வராதா?”

“கத்தாதீங்க. காது கேக்குது.”

“பதினஞ்சு நாள்” என்றாள் அவள் வாசலிலிருந்து. அவர்கள் போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு கணம் கால் எழுந்தது. யாராவது சொல்லிக்கொள்ளட்டும் என்று படியிறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினாள்.