சரிகை வைத்த சட்டை

கவின் அல்போன்சாவை முதன்முதலில் பார்த்தது ஒரு பேன்ட்டின் புண்ணியத்தில். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, தன் வீட்டின் முதல் பட்டதாரியாகப் பெங்களூருக்கு வந்து இறங்கியிருந்தான். மறுநாள் வேலையில் சேர வேண்டும். புதுப் பேன்ட்டோ தெருவைக் கூட்டுகிற நீளம். விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் போகிற சந்தில், ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடுகிற தையல் கடைக்குள் நுழைந்தான்.

"பார்த்து வா தம்பி, கீழ ஆள் படுத்திருக்கான்."

மெஷினுக்கு அடியில், வெட்டுத் துணிகளின் மேல், சந்தன நிற நாய்க்குட்டி ஒன்று மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"உங்க நாயாக்கா?"

"எனக்கு எதுக்கு நாய்? இவன் வேலைக்குப் போகப் போறவன். உன்ன மாதிரிதான்."

அந்தக் கடைக்கு மேலேயே ஓர் அறை வாடகைக்குக் கிடைக்க, மற்றதெல்லாம் அவனுக்குப் பிறகு தெரிந்தது. அல்போன்சாவின் அம்மா பக்கவாதம் வந்து கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தவள். கையிலிருந்து கரண்டி விழுந்தால் கூப்பிட மாட்டாள். மகள் தையலை விட்டு எழுந்து வர வேண்டுமே என்று, விழுந்த கரண்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். அம்மா போன பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ நாய்களைப் பழக்குகிற அறக்கட்டளை ஒன்று, நாய்கள் போட்டுக்கொள்ளும் சட்டைகள் தைக்கக் கேட்டு வந்தது. விழுந்ததை வாயால் கவ்வி எடுத்துக் கொடுக்க ஒரு நாயால் முடியும் என்று கேட்டதும் அல்போன்சா கூலி வேண்டாம் என்றுவிட்டாள். குட்டிகளை ஏறக்குறைய ஒரு வருஷம் வீட்டில் வளர்த்து, சந்தடிக்கும் கூட்டத்துக்கும் பழக்கிக் கொடுக்க ஆள் தேவை என்றபோதும் கையைத் தூக்கினாள். அப்படி வந்தவன்தான் பட்டன். பெயர் அவள் வைத்தது.

அவனுக்காக ஓர் ஆளும் ஏற்கெனவே காத்திருந்தாள். பொம்மனஹள்ளியில் இருக்கும் சுப்ரியா. சக்கர நாற்காலியில் இருந்தபடி, அப்பா துணையில்லாமல் தனியாக ஆபீஸ் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. பட்டன் தேறினால் அவளுக்கு. தேறாவிட்டால் அடுத்த குட்டி வளரும்வரை அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் அல்போன்சா ஒரு காரியம் செய்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கும் சின்னச் சின்னக் குழந்தை இயேசு சுரூபங்களுக்கு அங்கி தைத்துத் தைத்துப் பழகிய கை அது. அறக்கட்டளை சொன்னபடி வெறும் சிவப்புத் துணியில் பட்டனுக்குச் சட்டை வெட்டியவளுக்கு, ஓரம் மொட்டையாக இருப்பது பொறுக்கவில்லை. அங்கிகளுக்கு வைத்து மிச்சமிருந்த தங்கச் சரிகையை வைத்து அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டத்தில் பட்டன் அந்தச் சட்டையோடு நடந்தான். அவ்வளவுதான். கோவில் நாய் என்று ஜனம் முடிவு கட்டிவிட்டது. ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஒருவர் பன்னைப் பிட்டுப் போட்டார். மெழுகுவத்தியோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்குவது பழக்கமாகிவிட்டது. வாசலில் பூ விற்கும் வள்ளியம்மா கழுத்தில் மாலையே போட்டாள். அல்போன்சாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அறக்கட்டளையின் பழக்குநர் நிருபமா சோதித்துப் பார்க்க வந்த அன்று, பட்டன் தபால்காரர் மாதிரி வாசல் வாசலாக நின்றான்.

"ஏனு ஆன்ட்டி இது? நாயா, ஊர்வலமா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

"சின்னப் புள்ள. பாசத்துல குடுக்கறாங்க."

"சுப்ரியா வீல்சேர்ல ஒரு கையில இவனப் புடிச்சுக்கிட்டு ரோடு தாண்டுவா. எதிர்ல யாரோ பன்னு காட்டினா இவன் இழுப்பான். சேர் கவுந்துடும். பஸ் நிக்குமா ஆன்ட்டி?"

இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாம், கிறிஸ்மஸுக்கு முந்தின வியாழக்கிழமை, இதே சந்தில் என்று சொல்லிவிட்டு நிருபமா போனாள். அன்று சாயந்திரமே அல்போன்சா சரிகையைப் பிரித்தாள். பிரிக்கும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கவின் மாடிப்படியிலேயே நின்றுவிட்டான்.

சரிகை போனாலும் பன் நிற்கவில்லை. சந்துக்கு அவன் செல்லப்பிள்ளை ஆயிற்றே. அல்போன்சா கையில் இருந்தது ஒரே ஆயுதம். அளவு கொடுக்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"நாய்க்கு ஒரு துண்டு போட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, கிறிஸ்மஸுக்குப் பழைய பிளவுஸ்தான்."

"அடிப்பாவி, நாய்க்காக எங்கள அம்போன்னு வுடுவியா?"

"வுடுவேன்."

சந்து அடங்கியது. வள்ளியம்மா மட்டும் அடங்கவில்லை. அவள் புது ரவிக்கை தைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"என்னாண்ட உன் பாச்சா பலிக்காது. வாயில்லா ஜீவன் பார்த்துக்கினு இருக்க, நான் மட்டும் துன்னணுமா?"

அல்போன்சா அவள் பக்கத்தில், பூக்கூடையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் கரண்டியைப் பற்றிச் சொன்னாள். சுப்ரியாவைப் பற்றிச் சொன்னாள். வள்ளியம்மா பூ கட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை நிருபமா கயிற்றைப் பிடித்து நடக்க, கவின் கடை வாசலில் நின்று பார்த்தான். உள்ளே அல்போன்சா மிதியில் கால் வைத்தவள் மிதிக்கவில்லை. பேக்கரியைத் தாண்டினார்கள். மெழுகுவத்திக் கடையைத் தாண்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் பட்டனின் மூக்கு திரும்பியது, கால் திரும்பவில்லை. கோவில் வாசலில் வள்ளியம்மாவைப் பார்த்ததும் வால் சுழன்றது. அவள் சட்டென்று கூட்டத்துக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வியாபாரம் கேட்டு வந்தவர்களிடம், "அந்தாண்ட போய் வாங்கு, போ" என்றாள். பட்டன் ஒரு கணம் நின்றான். பிறகு நிருபமாவின் கால் பக்கம் திரும்பி நடந்தான்.

அறக்கட்டளையின் மையத்தில் மேல்பயிற்சி முடிந்து, அவனைச் சுப்ரியாவிடம் ஒப்படைத்த நாளில் அல்போன்சாவோடு கவினும் போயிருந்தான். கயிற்றை அல்போன்சாவே சுப்ரியாவின் கையில் வைத்தாள். சுப்ரியாவின் பேனா நழுவி விழுந்தது. சொல்வதற்கு முன்பே பட்டன் கவ்வி எடுத்து மடியில் வைத்தான். இருவரும் கேட்டைத் தாண்டிப் போனபோது அல்போன்சா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பார்த்தானா தம்பி?"

"இல்லக்கா."

"நல்லது. பார்த்திருந்தா நான் தப்பா வளர்த்திருக்கேன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் பேன்ட் தைத்துக்கொண்டுவிட்டான் கவின். இன்றும் புதுத்துணியின் கஞ்சி வாசனை எங்கே வந்தாலும், மெஷின் ஓடுகிற சத்தத்துக்குத் தாளம் போட்டுத் தூங்கிய அந்தக் குட்டியின் வயிறுதான் அவன் கண்முன்னே ஏறி இறங்கும்.

பட்டன் இப்போது பொம்மனஹள்ளியில் இருக்கிறான்; தினமும் சுப்ரியாவோடு ஆபீஸ் போய்வருகிறான். அல்போன்சா அதே சந்தில், அதே கடையில் தைக்கிறாள். அவளிடம் இப்போது கறுப்புக் குட்டி ஒன்று வளர்கிறது.