உயிரோடுதான் இருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள்

என் கணவர் செத்துப்போய்விட்டார் என்ற செய்தியை என் போனில்தான் கேட்டேன்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. தண்ணி லாரி எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்லிக்கொள்வதற்காக ஆரம்பித்தது. கொரோனா வந்த முதல் கோடையில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்கு நோய் இல்லை என்று ஒருவர் சொல்வார். கற்பூரத்தையும் ஓமத்தையும் துணியில் கட்டி முகர்ந்தால் போதும் என்று இன்னொருவர். நானும் கட்டி முகர்ந்தேன். யார் முகரவில்லை?

என் கணவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். தெருமுனையில் நடந்த காய்ச்சல் முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. லுங்கியை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு ஏறிப்போனார். ஒரு காலேஜ் கட்டடத்தில் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே கொண்டுபோகிறோம் என்றார்கள். எனக்கு நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் நான் வெளியே போகக்கூடாது. எங்கள் வீட்டு வாசலில் சவுக்குக் கட்டை நட்டு தகரம் அடித்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் மகள் ஆவடியில் என் அக்கா வீட்டுக்கு லீவுக்குப் போனவள், அங்கேயே குவார்ட்டர்ஸில் மாட்டிக்கொண்டாள். அவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். வாலண்டியர் பிள்ளைகள் அரிசி, பால் கொண்டுவந்தால் பக்கெட்டில் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்குவேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் ஜன்னலிலிருந்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பாள். அவள் வீட்டுக்காரர் தண்ணி லாரி டிரைவர். என் கணவருக்கு மச்சான், மச்சான் என்று நல்ல பழக்கம். அந்த அண்ணன் வாசலில் நின்றால் அக்கா அந்தக் கேள்வியையும் கேட்க மாட்டாள்.

அந்த வாய்ஸ் மெசேஜ் ஒரு காலை வேளையில் வந்தது. ஆண் குரல், யாரென்று தெரியவில்லை. "நம்ம தெருலர்ந்து இட்டுகினு போனாங்களே லேத்துக்காரரு, ஆளு காலி. ஊட்டுக்குக்கூட சொல்லல. கிட்னிய எட்த்துக்கினு பாடிய எரிச்சிட்டாங்க. யாரும் டெஸ்ட்டுக்குப் போவாதீங்க. காச்சல் வந்தா கம்முனு ஊட்லயே படுங்க."

முதலில் சிரிப்புதான் வந்தது. முந்தின நாள் மாலை என்னோடு பேசியிருந்தார். போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். மத்தியானம்வரை அதே குரல்தான் வந்தது. ஆம்புலன்ஸில் கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தால் எப்போதும் பிஸி.

நான் படித்தவள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பேச்சில் எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்து என்ன பயன்? போய்ப் பார்க்க முடியாது. யாரையும் அனுப்ப முடியாது. வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். சமையலறை, கூடம், பால்கனி, மறுபடி சமையலறை. சாயங்காலம் ஆவதற்குள் நான் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். கீழே இறங்கிப் போய் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தேன். "யாராவது என்னா ஏதுன்னு கேட்டுச் சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் அப்போதுதான் வந்தார். ஆட்டோ தலையில் மைக் கட்டி, வதந்தியை நம்பாதீர்கள் என்று பதிவு செய்த குரலை ஓடவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர். தென் மாவட்டத்துக்காரர். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிவந்து தெரியும்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்மா" என்றார் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று.

"பொய் சொல்றீங்க. காட்டுங்க, நம்புறேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. யார் யாருக்கோ போன் அடித்தார். ஒருவழியாகத் தன் போனைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வீடியோவில் என் கணவர், முகத்தில் தாடி மண்டி, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இன்னாடி அழுதுகினுகீற?"

"போன் எங்க?"

"ஹாலுக்கு ரெண்டே பிளக்குதான். சார்ஜ் போட அம்மாம் பெரிய க்யூ. என் முறை இன்னும் வர்ல."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இவரை இப்படியே தெருவுக்குக் காட்டட்டுமா? அந்த மெசேஜைக் கேட்டுட்டு இந்தப் பக்கம் ஒருத்தரும் முகாமுக்கு வர மாட்டேங்கறாங்க."

சரி என்றேன். அவர் போனை மைக்கின் வாயில் வைத்தார். "நான் உயிரோடதான் கீறேன்" என்ற என் கணவரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டு அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"அது பழைய வீடியோ சார். யார்கிட்ட ஊடு கட்ற?" என்று கத்திவிட்டு, போனைப் பார்த்துக் கேட்டார்: "டேய் மச்சான், நீதான்னா சொல்லு, போன தீவாளிக்கு என் லாரில இன்னாடா பண்ண?"

"வாந்தி எட்த்தேன். அத்த தெருவுக்கே மைக்ல சொல்லணுமா மாமே?"

தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அன்று நான் சாப்பிட்டேன். ஆனால் மறுநாளே இன்னொரு வாய்ஸ் வந்துவிட்டது: அது அவர் இல்லை, கம்ப்யூட்டரில் குரலை மாற்றிப் பேச வைத்திருக்கிறார்கள் என்று.

அவர் திரும்பி வந்த பிறகும் தகரம் போகவில்லை. இப்போது இரண்டு பேராக அடைந்து கிடந்தோம். சாயங்காலமானால் இன்ஸ்பெக்டர் வருவார், கயிறு கட்டிய பக்கெட்டில் மைக்கை வைத்து மேலே அனுப்புவார். கூடவே ஒரு தாளும் வரும். நல்ல கவனிப்பு, சத்தான உணவு, சுத்தமான கழிவறை. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதைப் பார்த்துப் படிப்பார். கேட்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். எனக்கே நம்பிக்கை வராது, அவர்கள் எப்படி நம்புவார்கள்?

ஒரு நாள் பாதி படித்துக்கொண்டிருந்தவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தோ பாருங்க. சாம்பார் தண்ணி. பாத்ரூம் நாறும். பக்கத்து பெட்டுக்காரன் குறட்டை விட்டே என்னைக் கொன்னான். ராவெல்லாம் ஊட்டு நெனப்பு. ஆனா காச்சலு ஏறச்சொல்லோ ஒரு நர்ஸம்மா ஓடியாந்து பாத்துச்சு. விரல்ல கிளிப்பு மாட்டி மூச்சு பாத்தாங்க. என் கிட்னி என்கிட்டதான் கீது. அம்மாந்தான்" என்றார்.

கீழே இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இப்படிப் பேசினீங்கன்னா என்னை மேலதிகாரி கேப்பாங்க சார்." ஆனால் அன்று ஒரு ஜன்னல்கூட மூடவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் அக்கா நின்றிருந்தாள். கையில் துணி எதுவும் இல்லை.

"உண்மைய சொல்லும்மா. உன் புருசனுக்குத் துட்டு கொடுத்துப் பேசச் சொன்னாங்களா?"

"துட்டு கொடுத்தா சாம்பார் தண்ணின்னு சொல்லுவாராக்கா?"

 அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குரலை அடக்கிச் சொன்னாள். "இவருக்கு நாலஞ்சு நாளா காச்சலு. கேஸுன்றாரு, சோடா குடிச்சிகினு படுத்துகீறாரு. மூச்சு வாங்குதும்மா. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிகீறாரு."

"நான் சொல்றேன்க்கா. நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலயே" என்றேன். அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அண்ணன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். என் கணவர் பால்கனியில் நின்று, "மாமே, நான் போயி வர்லயா? போடா, போயிட்டு வாடா" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்காதான் தாழைத் திறந்தாள். அவரைக் காலேஜ் கட்டடத்துக்கு எடுத்துப்போகவில்லை, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஆக்ஸிஜன் வைத்தார்கள். பல வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். சட்டை அவர் மேல் தொங்கியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னாள்.

எங்களைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேசவாவது செய்வார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. அவரால் லாரியில் ஏற முடியவில்லை. படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவரை நிறுத்திச் சொல்லுவார். "எனக்கு வெறும் கேஸு. நல்லா இருந்தவன இட்டுகினு போயி நோயி ஏத்தி அனுப்பிட்டானுங்க. இந்த மூச்சு அவனுங்க கொடுத்தது."

முன்பு வந்த வாய்ஸ் மெசேஜெல்லாம் யாரோ பேசியது. இது நாங்கள் தினமும் பார்க்கிற ஆள் பேசியது. ஆஸ்பத்திரிக்குள் போய் வந்தவர் பேசியது. அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தபோது குரூப்பில் அவர் குரலே வர ஆரம்பித்தது. பேச்சுக்கு நடுவே வாங்கும் மூச்சும் அதில் கேட்கும். அதைக் கேட்ட பிறகு யார் ஊசிக்குப் போவார்கள்? என் கணவர் ஒருமுறை தெருவிலேயே வைத்துக் கேட்டார். "மாமே, உன் பொஞ்சாதிய கேளு, நீ எப்படி இருந்தன்னு." அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

சில நாள் கழித்துக் காய்கறி வண்டி பக்கத்தில் அக்கா என் காதோடு கேட்டாள். "நீ போட்டுக்கினியா?"

"போட்டேன். ஒரு நாள் காய்ச்சல். கை வலி. அவ்வளவுதான்க்கா எனக்குத் தெரியும்." போட்டுக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணனை ஒருமுறை சொல்லி அனுப்பியதற்கே தினமும் வாசலில் உட்கார்ந்து பேசுகிறாரே.

"எனக்குப் போடணும். அவருக்குத் தெரியக் கூடாது."

பூந்தமல்லியில் புடவை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். டிரங்க் ரோட்டில் மெட்ரோவுக்காக அடைத்திருந்த தடுப்பு ஓரமாக பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். போன் நம்பர் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்தாள். அவள் போனை அண்ணன் எடுத்துப் பார்ப்பார். என் நம்பரைக் கொடுத்தேன். பிறகு நிஜமாகவே ஒரு புடவை எடுத்தோம். அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்ததும், வெயில் ஒத்துக்கவில்லை என்று அவரிடம் சொன்னாளாம். இரண்டாவது ஊசிக்குப் போக, ஆவடியில் என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள், பார்க்கப் போகிறோம் என்றொரு காரணம் சொன்னோம். அது உண்மையாகவே நடந்திருந்தது, ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டே வாரத்தில் நாற்காலியிலிருந்து வேறு பேச்சு கிளம்பியது. "எங்க ஊட்ல அவ ஒரு ஊசியும் போடல. பாரு, கல்லு மாதிரி கீறா. ஊசி போட்டவன்லாம்தான் படுத்துகினுகீறான்."

நான் பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அவருக்குப் பின்னால் நிலைப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அவள் வீடு உடையும். திறக்காவிட்டால் அவள் உடம்பையே சாட்சியாக வைத்து அவர் தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டோம்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் எங்கள் படியில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மிகவும் இளைத்திருந்தார். "உங்க தெருவுல பாதிப்பேரு போடலம்மா. அந்த எதிர்வீட்டு அம்மாவே போடல, நாங்க எதுக்குப் போடணும்னு கேக்கறாங்க. உங்களுக்குப் பழக்கம்தானே, அந்தம்மாகிட்டக் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

அந்த ஆள் எனக்காகத் தகரத்துக்கு வெளியே நின்று எத்தனையோ போன் அடித்தவர். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "சரி சார். பேசிப் பாக்கறேன்."

தெருமுனையில் பூ விற்கும் பெண் மட்டும் எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தாள். சர்க்கரை உள்ளவள். ஒரு நாள் பூ அளக்கும்போது, "நீ போட்டுக்கோம்மா, நான் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே" என்றேன்.

அவள் முழம் போட்டுக்கொண்டே சிரித்தாள். "உனுக்கு இன்னா? உம்புருசன் மைக்கு புடிச்சிப் பேசுனவரு. அந்தக்கா போடலயே, அது நல்லாதான கீது?"

நாக்கு நுனிவரை வந்தது. பூவை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். பிறகு அவள் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அதே முனையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனும் நாற்காலியில்தான் இருக்கிறார். எந்தக் காய்ச்சல் பேச்சு வந்தாலும் அவர் கதையை ஆரம்பிப்பார், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளும் வந்து நிற்பாள்.