அக்காவின் வலது முழங்கால்

இரண்டு மாதத்துக்கு முன்பு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சாணார்பட்டி பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் அக்கா ஜெசிந்தா விழுந்துவிட்டாள். வலது கால் அப்படியே மடங்கிவிட்டது.

எந்தக் கால்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் செய்து, புது மூட்டு வைத்த அதே கால்.

அக்கா ரிட்டையர்டு டீச்சர். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று நின்றே மூட்டைத் தேய்த்தவள். புது மூட்டு வந்ததும் அப்படி ஒரு நடை! மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, தங்கச்சி வீட்டுக்கு... ஆட்டோவே கிடையாது. டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான் — தரையில் முழந்தாள் போடக் கூடாது.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் இருக்கும், அது தேய்ந்துவிட்டது. கீழே இருக்கிற உலோகமும் எலும்பை விட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. நடக்கும்போது சத்தம் வந்திருக்குமே, எத்தனை நாளாக என்று கேட்டார்.

ஒரு வருஷமாக, என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வருஷமா? ஒருத்தரிடம்கூடச் சொல்லவில்லையே... ஏன்?

அத்தான் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவுக மொத வருஷ நெனவுப் பூசைல, கோயில்ல முழந்தாள் போட்டுட்டேன் தம்பி. முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துல பக்கத்துல அப்படித்தான செபம் சொன்னோம். அன்னைக்கு மட்டும் எப்படி பெஞ்சுல ஒக்காருவேன்? அதுக்கப்புறந்தான் சத்தம். நானே ஒடச்ச பாவம்னு யார்ட்டயும் சொல்லாம இருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவ முழந்தாள் போட்டதுக்கு இது கழண்டு போயிராதும்மா. பல நாளா தேஞ்சது. சத்தம் கேட்ட அன்னைக்கே வந்திருந்தா, பிளாஸ்டிக்க மட்டும் மாத்தி விட்ருக்கலாம்."

அக்கா அழுதாள். காலுக்காக அழுத மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி ஆபரேஷன். இந்த முறை எலும்புக்குள் நீளமாக இறங்குகிற மூட்டு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

போன ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டில் ஜெபமாலை சொன்னோம். எல்லாரும் தரையில், அக்கா மட்டும் நாற்காலியில். அத்தான் முழந்தாள் போடும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. முடிகிறவரை அக்கா அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஒரே ஒரு தடவகூட ஏலாதா தம்பி?" என்று கேட்டாள்.

ஏலாதுக்கா என்றேன்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன் — முழங்காலில் சத்தம் கேட்டால் முதலில் டாக்டர். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் அப்புறம்.