செபமாலையின் மறுபாதி

லிஸ்பனில் நான் படிப்பதும் படிப்பிப்பதும் ஒன்றைத்தான்: லத்தீன் என்ற ஒரு மொழி எப்படிப் போர்த்துக்கேயமாகவும் பிரெஞ்சாகவும் இத்தாலியமாகவும் பிரிந்துபோனது என்பதை. எங்கள் ஊர் மன்னாரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கதிரை, அலுமாரி என்று நாலு சொல்லை எங்களிடம் போட்டுவிட்டு ஓடின போர்த்துக்கேயனை நீ ஏன் தேடிப் போகிறாய் என்று அம்மாவே கேட்டிருக்கிறார்.

அந்தப் படிப்பின் சாரம் இவ்வளவுதான். ஆட்கள் போய்வரும்வரை பேச்சு ஒன்றாக இருக்கும். பாதை அறுந்தால் ஒவ்வோர் ஊரும் தன்பாட்டில் பேசத் தொடங்கும். ஒருவர் பேச்சு மற்றவருக்கு அந்நியமாகிப்போன நாள் எதுவென்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பாதை கடலில் அறுந்தது. சண்டைக்காலத்தில் வள்ளமேறித் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போனோம். சண்டை ஓய்ந்து அம்மாவும் நானும் திரும்பினோம். தங்கச்சி அங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்டாள். இன்றுவரை அவளிடம் கடவுச்சீட்டு இல்லை.

இந்த மாசியில் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் ஓடி வந்தேன், அவளால் முடியவில்லை. அம்மாவின் நினைவு பழைய நாட்களுக்கே போய்க்கொண்டிருந்தது. சின்னவளைக் காட்டு என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் செபமாலையின் ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதியை அம்மா சொல்வார். மறுபாதி கடைக்குட்டிக்கு உரியது. கண் மங்கிய அம்மா குரலையாவது கேட்கட்டும் என்று, பொழுதுபடும் நேரம் தங்கச்சியை அழைத்துத் தொலைபேசியைத் தலையணையில் வைத்தேன். யாரென்று அம்மாவிடம் சொல்லவில்லை. மறுபாதியைக் கேட்டதும் தானாகவே தெரியும் என்று நம்பினேன்.

அம்மா தொடங்கினார். எங்கள் கரையில் மறுபாதியை இழுத்துச் சொல்லி, கடைசிச் சொல்லில் குரலை இறக்குவோம். தங்கச்சி அக்கரைக் கோயிலில் பழகிய வேகத்தில் சொல்லி முடித்தாள். அது அவளுக்கே தெரிந்திராது.

அம்மா செபத்தை நிறுத்தினார்.

"நல்ல பக்தியான பிள்ளை. எந்த ஊர்?"

சின்னவள்தான் என்று நான் காதோடு சொன்னேன். அம்மா நம்பவில்லை. அவள் எங்களைப்போலக் கதைப்பாள் என்று தலையை ஆட்டினார்.

மறுமுனையில் தங்கச்சி அழுகையை விழுங்குவது கேட்டது. பிறகு சொன்னாள்:

"பக்கத்துலதாம்மா இருக்கேன்."

"அப்ப ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை," என்றார் அம்மா. "என்ர சின்னவளும் வருவாள்."