சின்னையா அண்ணன் ஊதித் திறந்த கார்புரேட்டர்

செர்டாங் பாசாரில் மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து தோளைத் தொட்டாள். "டீச்சர், டிரைவர் சின்னையா அண்ணன் காலையில போயிட்டாரு," என்றாள். கையில் எடுத்த மீனைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

துக்க வீட்டில் பேசியவர்கள் எல்லாரும் அவரைப் பயமே அறியாத மனிதர் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரோடு பழகிய இவர்களுக்குத் தெரியாதா? காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து, காருக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சோறு தின்பார். சாலையில் மாடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்கமாட்டார். அதுவாக எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் பயந்தாங்கொள்ளி டிரைவர் என்று கேலி செய்தால், "அதனாலதான் இன்னும் ஒரு மரத்துலயும் முட்டல லா," என்று சிரிப்பார்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தோம். வெள்ளைக்கார துரை விட்டுவிட்டு ஓடிய காரை ஒரு ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டான். காரோடு சேர்த்து டிரைவர் சின்னையா அண்ணனையும். சயாம் ரயில் பாதை வேலைக்கென்று லாரியில் ஏற்றிப்போன எங்கள் லயத்து ஆண்களில் ஒருவரும் திரும்பவில்லை. என் கணவரின் அண்ணனும் அதில் போனவர்தான். அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாது. தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பேன்.

என் கணவர் முனுசாமிக்கு ஸ்டோரில் வேலை. பீப்பாயிலிருந்து பெட்ரோல் பிடித்துக் காருக்கு ஊற்றுவதும் அவர் பொறுப்பு. அளவு டின்னைப் பட்டாளத்தார் தூக்கிப் போய்விட்டதால், ஒரு நாள் ரப்பர் பால் சேர்க்கும் வாளியில் பிடித்து ஊற்றினார். மரம் சீவுகிற வீடுகளில் எல்லாவற்றுக்கும் அந்த வாளிதானே? குளிக்கத் தண்ணீர் பிடிப்போம், அரிசி வாங்கி வருவோம். உள்ளே ரப்பர் பால் மெல்லிய தோலாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை யாரும் அழுக்கென்று நினைத்ததே இல்லை. பெட்ரோல் பட்டால் அந்தத் தோல் கரையும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, அதிகாரியைக் கூலிம் டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போன கார், நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருமி இருமி நின்றது. தள்ளுவதற்கு ஸ்டோரிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். என் கணவரும் வந்தார். தள்ளியும் பயனில்லை. சின்னையா அண்ணன் முன்மூடியைத் தூக்கினார். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார், பெட்ரோல் இருந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, இன்ஜினைக் கைப்பிடியால் சுற்றச் சொன்னார். குழாயிலும் பெட்ரோல் பீய்ச்சியது. அப்படியானால் கோளாறு கார்புரேட்டருக்குள்தான். அதைத் திறந்து, மிதவைக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். விரல்களுக்கு நடுவே நூல் நூலாக ஏதோ இழுபட்டது. பெட்ரோல் போகும் சின்னத் துளையையும், ஜெட் என்பார்களே, அதே பிசின் அடைத்திருந்தது. ரப்பர் தோட்டத்துக்காரருக்கு அது என்னவென்று சொல்லவா வேண்டும்? அவர் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். என் கணவரின் முகம் வெளுத்துப்போனது. வாசலில் நின்ற எனக்கும் புரிந்துவிட்டது.

அதிகாரி இறங்கி வந்தான். பெட்ரோல் ஊற்றியவன் யார் என்று அரைகுறை மலாயில் கேட்டான். வேண்டுமென்றே கெடுத்ததாக அவனுக்குப் பட்டால், அவர்களுடைய ராணுவப் போலீசான கெம்பித்தாயிடம் ஒப்படைத்துவிடுவான். அங்கே போனவரைப் பற்றி வீட்டார் விசாரிக்கக்கூடப் பயப்படுவார்கள். என் கணவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"நில்லுடா. வண்டி தள்ளத்தானே ஒன்ன கூப்பிட்டாங்க, அங்கயே நில்லு," என்று சின்னையா அண்ணன் தமிழில் அதட்டினார்.

பிறகு ஜெட்டை வாயில் வைத்து உறிஞ்சினார், ஊதினார், மறுபடி உறிஞ்சினார். வாய்க்கு வந்த பிசினைத் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். விரலைச் சட்டையில் துடைத்தார். அதிகாரியின் முன் இடுப்பு வளையக் குனிந்து, ரோட்டுத் தூசி அடைத்துக்கொண்டது, கழுவி வைக்காதது தன் தப்பு என்று மலாயில் சொன்னார். அவன் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தான். பயத்தில் அவர் காலில் போட்டிருந்த சிலுவார் நனைந்திருந்தது. அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. நான் கண்டது அதுதான்.

கார் கிளம்பியது. ஆனால் டேங்கில் இருந்தது அதே பெட்ரோல். வழியில் மறுபடியும் நிற்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்று பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது நினைவில்லை. என் கணவர் ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போகலாமா என்று கேட்டேன். ஓடினால் சின்னையாவை விடுவானா என்று திருப்பிக் கேட்டார்.

பொழுது சாய்வதற்குள் கார் திரும்பி வந்தது. வண்டி இழுக்காமல் திணறத் தொடங்கும்போதெல்லாம், இன்ஜின் சூடாகிவிட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார். தூக்கிய மூடிக்குப் பின்னால் மறைந்து நின்று ஜெட்டை ஊதியிருக்கிறார். போக, வர, ஒவ்வொரு மேட்டிலும் இதே கதை. வந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டுத் தன் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வீங்கிய வாயால் குடிக்க முடியவில்லை. எப்படி அண்ணே உங்களுக்கு அந்தத் தைரியம் வந்தது என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"தைரியமாவது? நீ பள்ளிக்கூட வாசல்ல நின்னுகிட்டு இருந்தே தங்கச்சி, நான் பாத்துட்டேன். அவன் பேர சொல்லிட்டு, இதே லயத்துல தெனமும் ஒன் மொகத்துல எப்படி முழிக்கிறது? அது இன்னும் பயமா இருந்துச்சு," என்றார்.

அதற்குப் பின் என் கணவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார். ஒருவருடைய பெயரைச் சொல்லிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நிலை எனக்கும் வாழ்க்கையில் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அந்த ஆளின் மனைவி எங்கே நிற்கிறாள் என்று என் கண் தேடும். சின்னையா அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.